குலுக்கலில் கிடைக்கும் நர்சிங் சீட்டு

"லாட்டரி போட்டா நர்சிங் சீட்டு குடுக்குறாங்க? அப்ப நீ விழுந்து விழுந்து படிச்சது எதுக்கும்மா?" என்று திருச்சியிலிருந்து அத்தை போனில் கேட்டார். அத்தை பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் மார்க் ஷீட்டை அவர்கள் உழைப்புக்கான சாட்சியாகப் பார்த்துப் பழகியவர். நான் கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு, அதாவது குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகளுக்கு, நர்சிங் படிக்க விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. சில கல்லூரிகளில் புள்ளி போட்டு எடுப்பார்கள், சில கல்லூரிகளில் தகுதி உள்ள எல்லோருடைய பெயரையும் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்று சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. "இங்க முறை அப்படித்தான் அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி உள்ளே உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் அது என்னுடைய கேள்வியும்தான். கட்ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சிலிங் என்று வளர்ந்த யாருக்கும் குலுக்கல் என்ற சொல்லே ஒரு மாதிரி உறுத்தும்.

இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் நர்சிங் என்றாலே ஒரு சின்ன மௌனம் விழும். கம்யூனிட்டி கல்லூரி என்றால் அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீளும். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான்கு வருடப் பட்டம் படித்தவரும் கம்யூனிட்டி கல்லூரியில் ஏடிஎன் என்ற இரண்டு வருடப் பட்டம் படித்தவரும் கடைசியில் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வுதான். கையில் வாங்குவது பதிவு பெற்ற நர்ஸ் என்ற ஒரே ஆர்என் உரிமம். இந்த இரண்டு வருடப் படிப்பின் யோசனை மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியருடையது. 1951இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அவர் செய்த ஆய்வில் பிறந்தது. அதற்கு முன் பெரும்பாலோர் மருத்துவமனைகள் நடத்திய டிப்ளமோ பள்ளிகளில்தான் படித்தார்கள். அங்கே மாணவி என்பவள் பாதி நேரம் சம்பளமில்லாத வேலைக்காரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்சுகள் போதவில்லை, அப்போதுதான் ஊர் ஊராகக் கம்யூனிட்டி கல்லூரிகளும் முளைத்துக்கொண்டிருந்தன. படிப்பை மருத்துவமனையின் பிடியிலிருந்து எடுத்துக் கல்லூரிக்குள் கொண்டுவரலாம் என்றார் மான்டாக். அடுத்த ஆண்டே சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வயது கூடியவர்கள் என்று டிப்ளமோ பள்ளிகள் வாசலிலேயே நிறுத்தியவர்கள் உள்ளே வந்தார்கள். நானும் அந்த வரிசையில் வருகிறவள்தான்.

விண்ணப்பம் என்ற நீண்ட பாதை

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வருடப் படிப்பு. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை என்று முன்தேவைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் புள்ளியியலும் உளவியலும் கூடச் சேரும். ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது. அந்த லேப் வகுப்புகளில் இடம் கிடைப்பதே பாடு, பதிவு திறந்த அன்று காலை கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் தமிழ்நாட்டில் பிஎஸ்சி நுண்ணுயிரியல் படித்தவள். அந்தப் பட்டத்தை முறைப்படி மதிப்பீடு செய்து வாங்கிக் கொடுத்தேன். பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள், பாடத்தை ஏற்கவில்லை. உயிரியல் பாடங்கள் இத்தனை வருடத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகளில் ஒரு கெடு உண்டு. சில இடங்களில் ஐந்து வருடம், சில இடங்களில் ஏழு. என்னுடையது எந்தக் கெடுவுக்குள்ளும் வரவில்லை. அதனால் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயம் போடுவதைத் திரும்பப் படித்தேன். முதலில் கிரிஸ்டல் வயலெட், அப்புறம் அயோடின், அப்புறம் ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின். ஊதாவாக நின்றால் பாசிட்டிவ், இளஞ்சிவப்பானால் நெகட்டிவ். ஆல்கஹாலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். கை மறக்கவில்லை. பக்கத்து மேஜைப் பெண் என் ஸ்லைடைப் பார்த்து எப்படி என்று கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செலவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர். எச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணையாக, இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை, கலிபோர்னியாவில் மாநிலவாசி என்று நிரூபிக்கவும் வழி உண்டு. படித்து முடித்தபின் வேலை பார்ப்பது வேறு கதை, அதற்கு வேலை அனுமதி வேண்டும். அதை முதலில் யோசித்துவிட்டு இறங்குங்கள். இதற்கெல்லாம் மேல் டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். கலிபோர்னியா கம்யூனிட்டி கல்லூரிகளில் மொத்தத்தில் 62 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எடுக்காதவர்களை அப்படியே துரத்திவிடுவதில்லை, பின்தங்கிய பகுதியைப் படித்துத் தயாரான பிறகு வரச் சொல்வார்கள். அதற்கப்புறம் தடுப்பூசிச் சான்றுகள். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இடது தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கும், அதன் காரணமாகவே தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை வீங்கிக் காட்டலாம். ரத்தப் பரிசோதனையாகவே செய்துவிடுங்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டிவரும்.

இவ்வளவையும் கடந்து வந்து நிற்கிறவர்களின் எண்ணிக்கை சீட்டுகளைவிடப் பல மடங்கு. இங்கேதான் யாரை எடுப்பது என்ற கேள்வி வருகிறது.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2007இல் வந்த சட்டத்தின்படி, விண்ணப்பங்கள் சீட்டுகளைவிட அதிகமானால் கல்லூரி பல அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடலாம், குலுக்கலாம், இரண்டையும் கலக்கலாம். அதற்கு முன் குலுக்கலும் காத்திருப்புப் பட்டியலும்தான் பரவலாக இருந்தன. வந்தவர்களில் பாதியில் நின்றுபோகிறவர்கள் அதிகம் என்ற கவலையில்தான் புள்ளி முறைக்கு வழிவிட்டார்கள். அந்தப் புள்ளித் தாளை முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். உயிரியல் பாடங்களின் ஜிபிஏ, அதாவது 4.0 உச்சமாக வைத்துப் போடும் மதிப்பெண் சராசரி. ஏற்கெனவே வாங்கிய பட்டம். டீஸ் மதிப்பெண். மருத்துவத் துறையில் வேலை அல்லது தன்னார்வ அனுபவம். அப்புறம் வாழ்க்கைச் சூழல்: குறைந்த வருமானம், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவது, வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய கட்டாயம், உடல் குறைபாடு, அகதி நிலை, ராணுவத்தில் இருந்தது. கடைசியில் ஆங்கிலமல்லாத வேறு மொழி. சட்டத்தின் வாசகத்தில் சைகை மொழி, அரபி, சீனம், பார்சி, ரஷ்யன், ஸ்பானிஷ், தகாலோக் என்று வரிசையாக வந்து, கூடவே "இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள்" என்றும் இருக்கிறது. தமிழ் பேசத் தெரிந்ததற்கு ஒரு கல்லூரி புள்ளி போடும் என்று நான் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. நிரூபிக்க என்ன வேண்டும் என்பதைக் கல்லூரிக்குக் கல்லூரி கேட்டுக்கொள்ள வேண்டும்.

புள்ளி முறை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? பட்டம் இருந்தது, மொழி இருந்தது, எல்லாப் பாடத்திலும் ஏ இருந்தது. குலுக்கல்தான் பிடிக்கவில்லை. அங்கே என் ஏயும் பக்கத்தில் இருப்பவரின் பியும் ஒன்று. வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோரும் ஒரே டப்பாவில் ஒரே சீட்டு.

காபி ஆறிப்போனால் சண்டை போடுகிறவர்

அனுபவப் புள்ளிக்காக மட்டுமல்ல, இந்த வேலை எனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளவும் சிஎன்ஏ பயிற்சி எடுத்தேன். நர்சின் உதவியாளர் வேலை. கலிபோர்னியாவில் அதற்குக் குறைந்தது 160 மணி நேரப் பயிற்சி வேண்டும், 60 மணி வகுப்பு, 100 மணி நோயாளிகளிடம். அதை முடித்து ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, வெப்பம் எடுத்து எழுதுவது. இடுப்பு விட்டுப்போகும் வேலை.

என்னைப் பழக்கியவர் பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். இங்கே அக்கா என்றே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் வருகிறது. பல வருடமாக சிஎன்ஏ. இரவு ஷிப்ட் முடித்து அப்படியே உடலியங்கியல் வகுப்புக்குப் போவார். ஊரில் அம்மாவுக்கும் தம்பி பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் அனுப்பியாக வேண்டும் என்பதால் இரட்டை ஷிப்ட் வந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உடலியங்கியலில் முதல் முறை சி வந்தது. திரும்ப எடுத்து பி வாங்கினார். அந்தத் திரும்ப எடுத்ததும் ஒரு குறைதான். கல்லூரிகள் பல காலமாகப் பயன்படுத்திவரும் ஒரு சூத்திரத்தில் நான்கு விஷயங்கள் வரும்: மொத்த ஜிபிஏ, ஆங்கில ஜிபிஏ, உயிரியல் ஜிபிஏ, உயிரியல் பாடங்களை எத்தனை தடவை திரும்ப எடுத்தார் என்ற எண்ணிக்கை. படிப்பை முடிக்கிறவர் யார் என்று கணிக்க இவை உதவும் என்பது அதன் அடிப்படை. அக்கா ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் இந்த நான்காவது அவரைக் கீழே இழுக்கும்.

அந்த இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அடையாளம் தெரிகிற மாதிரி எதுவும் எழுதமாட்டேன். காலையில் தட்டு கொண்டுபோய் வைத்ததும் காபி ஆறிப்போய்விட்டது என்று சத்தம் போடுவார். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோனாலும் அதே புகார்தான். எங்களுக்குப் பழகிவிட்டது, காலை மணி அடித்த மாதிரி. ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு நான் அடுத்த படுக்கைக்குத் திரும்பினேன், அக்கா அவருக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்தார், எடுக்கவில்லை. அக்கா கையிலிருந்த தலையணையை அப்படியே வைத்துவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தபடி கைக்கடிகாரத்தை எடுத்தார். முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கவில்லை, முழு நிமிடம். 26, இயல்பைவிட அதிகம். காலை எடுத்த வெப்பநிலை கிட்டத்தட்ட இயல்பு, அதைப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் காட்டாது, தடுமாற்றமும் மந்தமும்தான் முதலில் வரும். அக்கா அவர் பெயரைக் கேட்டார், சொன்னார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். பெரியவர் ஜன்னலைப் பார்த்தார்.

பொறுப்பு நர்சிடம் போய் அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மூச்சு 26, நாடி நேற்றைவிட அதிகம், கிழமை தெரியவில்லை, காபியைப் பற்றிப் பேசவில்லை." கடைசி வார்த்தையைக் கேட்டதும் அந்த நர்ஸ் எழுந்துவிட்டார். மருத்துவரை அழைத்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது என்று பிறகு தெரிந்தது. பெரியவர் பிழைத்துத் திரும்பி வந்தார், காபி புகாரும் கூடவே வந்தது, அன்று நாங்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டோம்.

அந்த நிகழ்வு நடந்த கொஞ்ச நாளிலேயே குலுக்கல் கல்லூரி ஒன்றிலிருந்து முடிவு வந்தது. நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். மதிய இடைவேளையில் இருவரும் போனைத் திறந்து பார்த்தோம். எனக்கு இடமில்லை, அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அக்காவுக்குக் கிடைத்திருந்தது. போனை என்னிடம் நீட்டி, நான் படித்தது சரிதானா என்று பார் என்றார். பார்த்தேன், சரிதான். அவர் அழுதார், நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அத்தையின் கேள்வி திரும்ப வந்தது, இந்த முறை முனை கூர்மையாக. என் ஜிபிஏ அதிகம். டீஸ் மதிப்பெண் அதிகம். பட்டமும் இருக்கிறது. சீட்டு அவருக்கு. எனக்கு அநியாயம் நடந்ததா? எவ்வளவு யோசித்தும் ஆம் என்று சொல்ல முடியவில்லை. நட்பினால் சொல்லவில்லை. முழு நிமிடம் மூச்சை எண்ணிய கையை நான் பார்த்திருந்தேன். அந்தக் கை என்னுடையதைவிடக் குறைந்தது என்று எந்தத் தாளை வைத்துச் சொல்வது?

மதிப்பெண் எதை அளக்கிறது

ஏ வாங்குவதற்கு என்ன தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தேன். உழைப்பு, சரி. ஆனால் ஒரு பருவத்தில் ஒரே ஒரு அறிவியல் பாடம் மட்டும் எடுக்கும் வசதி எனக்கு இருந்தது. வீட்டு வாடகையைக் கணவர் கட்டினார். தேர்வுக்கு முந்தைய வாரம் வேலைக்கு வரவில்லை என்று சொல்ல என்னால் முடிந்தது. பி வந்துவிடும் போலிருந்தால் கடைசித் தேதிக்குள் விலகிவிட்டு அடுத்த பருவத்தில் எடுக்கிறவர்களை வகுப்புக்கு வகுப்பு பார்த்தேன். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், முறை அப்படிச் செய்ய வைக்கிறது. ஆனால் ஒரு செமஸ்டரை அப்படி வீணாக்க அக்காவால் முடியாது. மேல்மட்டத்தில் 3.8க்கும் 4.0க்கும் நடுவில் அளக்கப்படுவது பெரும்பாலும் கையிலிருந்த நேரம். உடலியங்கியல் தெரியாத ஒருவரை நர்சாக்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் மருந்து கொடுக்கப் போகக் கூடாது. அதற்காகத்தான் ஒரு கோடு இருக்கிறது: பாடங்கள், தேர்ச்சி, 62 சதவீதம். அந்தக் கோடு உறுதியாக இருக்க வேண்டும். படிப்பின் இறுதியில் என்கிளெக்ஸ் என்ற கோடும் இருக்கிறது, அங்கே குலுக்கலில் வந்தவர் என்று யாரும் சலுகை காட்டப் போவதில்லை. கோட்டுக்கு மேலே நிற்கிறவர்களைத் தசம புள்ளியில் வரிசைப்படுத்துவதில்தான் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நமக்கு இது அந்நியமான யோசனை என்றும் சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு என்று நாம் சொல்லிப் பழகிய பொறியியல் சேர்க்கையில் வருடா வருடம் சமவாய்ப்பு எண் வெளியிடுகிறார்களே, அது என்ன? கட்ஆஃப் ஒன்றாக இருந்தால் கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதியையும் பார்த்து, அதற்கப்புறமும் சமன் என்றால் அந்தப் பத்து இலக்க எண்தான் முடிவு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பங்கள் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல்தான். இனிமேல் பிரித்துப் பார்க்க நியாயமான காரணம் இல்லை என்ற இடத்தில் அதிர்ஷ்டத்திடம் விடுவது நேர்மை என்று நாமும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த இடம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு தேர்வின் மதிப்பெண் நல்ல மருத்துவரை அடையாளம் காட்டுமா என்று நீட் வந்ததிலிருந்து நம் ஊரில் பேசாத வீடு உண்டா? அந்தச் சந்தேகம் நர்சுக்கும் பொருந்தும்.

நெதர்லாந்து 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் மருத்துவப் படிப்புக்கே குலுக்கல் வைத்திருந்தது. மதிப்பெண் கூடியவருக்கு வாய்ப்பும் கூடும்படியான குலுக்கல். 1990களில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி திரும்பத் திரும்பக் குலுக்கலில் தோற்றது நாடு தழுவிய விவாதமாகி, உச்ச மதிப்பெண்காரர்களுக்கு நேரடி இடம் கொடுத்தார்கள். பிறகு 2017இல் குலுக்கலையே நிறுத்தினார்கள். கல்லூரிகள் தாங்களே ஆள் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும், தயாரிப்பு வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சாதகம் என்ற குரல் எழுந்தது. 2023இலிருந்து விரும்பும் கல்லூரிகள் குலுக்கலுக்குத் திரும்பலாம் என்று மறுபடி அனுமதித்தார்கள். ஒரு தேசம் இவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

அந்த மாணவியின் கோபமும் எனக்குப் புரிகிறது. குலுக்கலில் வரும் வலி வேறு மாதிரி. மதிப்பெண்ணில் தோற்றால் இன்னும் படிக்கலாம். குலுக்கலில் தோற்றவர் என்ன செய்வார்? என்னோடு படித்த ஒரு பெண், எல்லாத் தகுதியும் உள்ளவள், ஒவ்வொரு சுற்றிலும் பெயர் வராமல், உயிரியல் பாடங்களின் கெடு நெருங்க நெருங்கத் தூக்கம் இல்லாமல் இருக்கிறாள். அதனால்தான் இரண்டையும் கலக்கும் முறை நல்லது என்று நினைக்கிறேன். சில முறை முயன்றும் பெயர் வராதவர்களுக்குக் குலுக்கல் டப்பாவில் கூடுதல் சீட்டு போட வேண்டும். கெடுவையும் விண்ணப்பித்த தேதியிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். காத்திருந்த காலத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

சில மாதங்கள் கழித்துப் புள்ளி முறைக் கல்லூரி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அதே கல்லூரியில் அக்காவும் விண்ணப்பித்திருந்தார், பட்டியலில் பெயர் இல்லை. மாநிலம் முழுவதும் புள்ளி மட்டும் என்று இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் டயப்பர் மாற்றிக்கொண்டே அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார். இப்போது அவர் எனக்கு ஒரு பருவம் முன்னால் இருக்கிறார். மருந்தளவுக் கணக்கில் எனக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுகிறேன். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், பாட்டிலில் மில்லிலிட்டருக்கு இத்தனை, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு. தசமப் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் எழுதினால் போனிலேயே திட்டுவார். .5 என்று எழுதியதை யாராவது 5 என்று படித்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

சீட்டு ஏன் இவ்வளவு குறைவு

குலுக்கலா புள்ளியா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதே சீட்டு இல்லாததால்தான். நாடு முழுவதும் இதே கதை. 2021இல் மட்டும் பட்டப்படிப்பு, மேற்படிப்பு நர்சிங் கல்லூரிகள் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் கணக்கு சொன்னது. கம்யூனிட்டி கல்லூரிகள் அந்தக் கணக்கில் இல்லை. கொரோனாவில் நர்சுகள் ஓய்ந்துபோய் வேலையை விட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. கலிபோர்னியாவில் 2004இலிருந்து ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தீவிர சிகிச்சையில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. நல்ல சட்டம், ஆனால் அதற்கு ஆள் வேண்டுமே.

இரண்டு இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது. முதலாவது, ஆசிரியர்கள். சொல்லிக் கொடுக்க முதுகலைப் பட்டம் வேண்டும், ஆனால் அந்தப் பட்டத்தோடு மருத்துவமனையில் வேலை பார்த்தால் கல்லூரியைவிட நல்ல சம்பளம் கிடைக்கும். யார் வருவார்கள்? எங்கள் ஆசிரியைகளில் பலர் வாரக் கடைசியில் மருத்துவமனையில் ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறார்கள். இரண்டாவது, வார்டு. மாணவர்கள் நோயாளிகளிடம் பழக மருத்துவமனை இடம் கொடுக்க வேண்டும். ஒரு ஆசிரியர் சுமார் பத்துப் பேரை வைத்துக்கொண்டுதான் ஒரு தளத்தில் நிற்க முடியும், அந்தத் தளத்துக்குப் பல கல்லூரிகள் போட்டி. மருத்துவமனைகள் நான்கு வருடப் பட்டத்தை விரும்பத் தொடங்கியதிலிருந்து கம்யூனிட்டி கல்லூரிகள் இந்த வரிசையில் பின்னால் தள்ளப்படுகின்றன. 2024இல் இரண்டு முயற்சிகள் நடந்தன. மருத்துவமனைகள் கம்யூனிட்டி கல்லூரிகளோடு நல்லெண்ணத்துடன் பேசி மாணவர்களுக்கு வார்டில் இடம் கொடுக்க முயல வேண்டும் என்ற மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட்டார். சில கம்யூனிட்டி கல்லூரிகள் நான்கு வருட நர்சிங் பட்டமே கொடுக்கலாம் என்ற மசோதாவைத் தடுத்துவிட்டார். இரண்டாவது போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 46 டாலர் யூனிட்டில் தொடங்கியவர்கள் அதே வளாகத்தில் முடித்திருக்கலாம்.

சீட்டுப் பஞ்சம் இருக்கும் இடத்தில் திருடர்களும் வருவார்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று பள்ளிகள் விற்ற 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களைப் பற்றி மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. வாட்ஸ்அப் குழுவில் "முன்தேவை வேண்டாம், காத்திருப்பு வேண்டாம், ஆறு மாதத்தில் ஆர்என்" என்று விளம்பரம் வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். மாநில நர்சிங் வாரியத்தின் தளத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, அங்கே படித்தவர்களின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம் என்ன என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். விண்ணப்பிக்கும்போது புள்ளிக் கல்லூரி, குலுக்கல் கல்லூரி இரண்டுக்கும் போடுங்கள். மதிப்பெண் அதிகம் என்பதற்காகக் குலுக்கல் கல்லூரியை ஒதுக்காதீர்கள். குறைவு என்பதற்காகவும் ஒதுங்காதீர்கள்.

கம்யூனிட்டி கல்லூரிகளை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடங்கள் பேசலாம், குடியுரிமை கேட்பதில்லை. அடுத்த கூட்டத்தில் பேச அக்காவும் நானும் போகிறோம், கெடு நெருங்கும் அந்தப் பெண்ணும் வருகிறாள். நர்சிங் ஆசிரியர் சம்பளம் பற்றி அக்கா பேசுவார், பாடக் கெடுவை நிறுத்தி வைப்பது பற்றி நான். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால்கூட உதவியாக இருக்கும். குழுவினர் முதலில் பார்ப்பது அரங்கில் எத்தனை பேர் என்பதைத்தான்.